எட்டாம் தளம், கடல் பார்த்த அறைகள்

பனிமலையை நான் முதலில் பார்த்தது
குளியலறைக் கண்ணாடியில்.
பற்பசைத் தெறிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
என் தோளுக்குப் பின்னால்,
யாரோ திறந்துவிட்டுப் போன பால்கனிக் கதவுக்கு அப்பால்,
நீலமாக ஒன்று நின்றது,
இடம் வலம் மாறி.
திரும்ப நேரமில்லை.
பதினெட்டு அறைகள், ஒன்றரை மணிக்குள்.

அலாஸ்காவில் அன்று காலை
விருந்தினர் எல்லாரும் மேல்தளத்தில்.
ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்:
இடப்பக்கம், பனித்தட்டின் மேல்
கடல்நாய், தாயும் குட்டியும்.
நான் வலப்பக்கம் இருந்தேன்.
வலப்பக்கம், கரையோரம், பழுப்புக் கரடி.
தலையணை உறைகளோடு
அதற்குள் இடப்பக்கம் வந்துவிட்டிருந்தேன்.
"கரடிக்கும் உன் டியூட்டி நேரம் தெரியும்போல,"
என்றான் கோவாக்காரன் டெரன்ஸ்.

உண்மையைச் சொன்னால்
அந்தக் கப்பலின் விலங்குகளைச் செய்ததே நான்தான்.
இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள்
துண்டை மடித்து யானை, துண்டை மடித்து அன்னம்,
விளக்கில் தொங்கும் குரங்கு,
படுக்கை நடுவே வால் தூக்கிய திமிங்கலம்.
காலையில் அத்தனையும் உதறி
அழுக்குக்கூடையில் போடுவதும் நான்தான்.

எண்பத்தொன்று இருபத்தேழில்
ஒரு கிழவர் மட்டும் மேலே போகவில்லை, முழங்கால்.
நாற்காலியைச் சற்று நகர்த்தி
பால்கனியில் எனக்கு இடம்விட்டார்.
எதுவும் பேசவில்லை.
கையில் கழிவறைத் தூரிகையோடு நின்றேன்.

எங்கள் பாகான் டாலாம் பிளாட் உயரத்துக்கு
ஒரு துண்டு
சுவரைவிட்டு விலகி
சத்தமே இல்லாமல் இறங்கியது.
நீர் எழுந்தது. பறவைகள் எழுந்தன.
கிழவர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.
நாலு முடிந்து ஐந்தில்
இடி வந்தது.
தூரிகையிலிருந்து அவர் செருப்பில் ஒரு சொட்டு.
மன்னிப்புக் கேட்டுவிட்டு
அடுத்த அறைக்குப் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு துறைமுகம்.
மருந்துக்கடை வாசலில் இணையம் இலவசம்.
சுவரோரம் நாங்கள் பத்துப் பேர்
குந்தியபடி
ஆளுக்கொரு நாட்டோடு பேசிக்கொண்டிருந்தோம்.
போனில் வரிசையாகக் குரல்பதிவுகள் வந்து விழுந்தன.
யாழ்வேணிக்குப் பல் விழுந்திருக்கிறது.
செவ்வாய்க்கிழமை,
பள்ளிக் கேண்டீனில் மீகோரிங் தின்னும்போது.
சகரமெல்லாம் காற்றாகிப்போன அந்தக் குரலை
மூன்று முறை போட்டுக் கேட்டேன்.
நான்காவது முறைக்குள் கப்பல் ஊதிவிட்டது.

இப்போது ஞாயிறு மாலை.
பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் பெரி.
முகத்தில் காற்றடிக்கும் பழைய பெரி இல்லை,
புதுசு. கண்ணாடி, குளிர்.
அக்கரையில், மணிக்கூண்டுப் பக்கம்,
வெள்ளைக் கப்பல் ஒன்று கட்டிக்கிடக்கிறது.
என் கண் தானாக அடியிலிருந்து எண்ணி ஏறுகிறது.
எட்டாம் தளத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது.
உள்ளே ஒருத்தி இருப்பாள்.

"நீ நெசமாவே திமிங்கலம் பாத்தியாம்மா?"
"வால் பாத்தேன்."
"எவ்ளோ பெருசு?"
கைகளை விரித்தேன்,
குளியல்துண்டு அளவுக்கு விரிந்து
அங்கேயே நின்றுவிட்டன.

அவள் நம்பவில்லை.
புதுப்பல் பாதி முளைத்த வாயைச்
சன்னலில் வைத்து அழுத்திக்கொண்டாள்.
கண்ணாடியில் மூச்சு படிந்தது.
மேலே இடமிருந்து வலம், கொஞ்சம் இறங்கி
வலமிருந்து இடம்,
கம்பெனி பழக்கியபடியே
என் சட்டைக்கை போய்க்கொண்டிருந்தபோது
"லும்பா-லும்பா!" என்று கத்தினாள்.
டால்பினுக்குப் பள்ளியில் சொல்லும் பேர்.
"தொடைக்காதம்மா! பாரு!"

பார்த்தேன்.
தே தாரிக் நிறத்தில் நீர்,
மினரல் பாட்டில், இரண்டு சொறிமீன்,
அப்புறம் நடுவில்
மூடிக்கொண்டிருந்த ஒரு வட்டம்.
ஏதோ இருந்துவிட்டுப் போயிருக்கிறது.

ஒன்று, இரண்டு என்று
எனக்குள் எண்ணத் தொடங்கினேன்.
மூன்றில் பெரி ஜெட்டியை இடித்தது.
எல்லாரும் எழுந்து
பைகளை எடுத்துக்கொண்டார்கள்.