இரண்டு இரவு, காலைச் சாப்பாட்டோடு

ஓம், குளம் தெரியும்.
படுத்த கட்டிலில் இருந்தே தெரியும்.
ஏசி இருக்கு, கரண்ட் இருந்தால்.
இல்லை, நீச்சல் குளம் இல்லை. குளம்தான் இருக்கு.
முதலையோ?
அது அந்தக் கரை, நாங்கள் இந்தக் கரை.
இதுவரைக்கும் பிரச்சினை இல்லை.

வெள்ளிக்கிழமை என்றால்
ஒரு காதில் போன், ஒரு கையில் தேங்காய்ப் பாதி.
முத்தையன்கட்டுக் குளத்தின் மேல்கரையில்
எல்லைக் கல்லுக்கு இங்கால் அரை ஏக்கர்,
முதிரையும் பாலையும் நிற்கிற காட்டுக்கு முதுகைக் காட்டி
இரண்டு கொட்டேஜ்.
சங்கக் கடன் இன்னும் பதினேழு மாதம்.
ஒன்றின் பெயர் நாரை. மற்றதுக்குப் பெயரில்லை,
பலகை எழுதுகிற பெடியன்
பெயின்ற் வாங்க ஒட்டுசுட்டானுக்குப் போனவன் போனவன்தான்.

ஒஸ்லோவில் இருந்து எடுத்த கேதாரன்
விலை கேட்கவில்லை, வைஃபை கேட்கவில்லை.
கதவு உள்ளுக்குத் திறக்குமோ வெளியிலோ என்று கேட்டார்.
வெளியில் என்றேன்.
நல்லது என்றார்.

வந்த அன்று பின்னேரம்
மகள் மிதுலா பாலைப்பழம் தின்று
உதடு இரண்டும் ஒட்டிப்போய்
மூக்கால் சிரித்துக்கொண்டு ஓடித் திரிந்தாள்.
மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
முழங்கால் மட்டும் தண்ணீரில் நின்றா.
அவர் கொட்டேஜைச் சுற்றி ஒருக்கால் நடந்தார்.
பிறகு இன்னொருக்கால்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு
சிறுபோக வயல் பக்கம் யானைவெடி.
ஒன்று.
நாய்கள்.
இரண்டு. காவற்கொட்டிலில் இருந்து கூ என்று ஆட்கள்.
மூன்றாவது குளத்தில் பட்டு
எங்களுடைய யன்னலை ஆட்டிவிட்டுப் போனது.
வருகிற ஆட்களுக்கு முதலே சொல்லி வைக்கிறனான்.
அன்றைக்குப் புட்டுக்கு மா வறுத்த அவதியில்
மறந்துபோனேன்.

காலையில் கேட்டேன், நல்ல நித்திரையோ?
ஓம் ஓம் என்றார்,
புட்டைக் கறியோடு குழைத்துக் குழைத்து
வாயில் வைக்காமல்.
ஆரோ பட்டாசு கொளுத்தினவை, கலியாண வீடோ மாமி?
என்றாள் மகள்.
மனைவி குளத்தைப் பார்த்தா.

அவர்கள் வள்ளத்தில் போன பிறகு கூட்டப் போனேன்.
கட்டிலில் ஒரு பக்கம் விரிப்புக் கசங்கவே இல்லை.
குனிந்தேன்.
இரண்டு கிழமை நான் கூட்டாமல் விட்ட தூசி
(ஒளிப்பானேன், கூட்டவில்லைத்தான்)
ஒரு ஆளின் நீளத்துக்குத் துடைபட்டுக் கிடந்தது.
தலைமாட்டில் தண்ணீர்ப் போத்தல்.
மூன்று பாஸ்போர்ட் வைத்த சின்னப் பை.

கட்டில் வாங்கின முதல் வருசம்
நானும் அதன் மேலே படுத்ததில்லை.

பையை இருந்த இடத்திலேயே விட்டு
அதைச் சுற்றிக் கூட்டினேன்.
டெற்றோல் விட்டுத் துடைத்தேன்.
காய்ந்த பிறகு ஒரு பாயை உள்ளே தள்ளி விரித்து
தட்டையான தலையணை ஒன்றைத் தேடி வைத்து
விரிப்பின் அந்தப் பக்கத்தை
நிலம் தொட இழுத்துவிட்டேன்.
நுளம்புத்திரியை மட்டும் எங்கே வைப்பதென்று
கனநேரம் நின்றேன்.

அன்றிரவு வெடி இரண்டோடு நின்றது.

பில்லில் எழுதினது:
இரண்டு இரவு, சாப்பாடு,
வள்ளம் ஒரு மணித்தியாலம்,
மகள் உடைத்த துடுப்பு (பாதி விலை).
பாய் கதவு மூலையில் சுருட்டி நின்றது,
நான் சுருட்டுவதை விட ஒழுங்காக.
வான் ஏறும்போது கையசைத்தார்.
அதுக்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போதெல்லாம் மறக்காமல் சொல்கிறேன்,
இரவில் வெடிச்சத்தம் கேட்கும், அது யானைக்கு என்று.
நேற்று நீர்கொழும்பில் இருந்து ஒரு அம்மா
விழுந்து விழுந்து சிரித்தா.
இன்று காலை எடுத்தவர் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் போனில் ஒரு சத்தமும் இல்லை.
பிறகு கேட்டார்,
கட்டில் நிலத்தில் இருந்து என்ன உயரம்?

அளந்து சொல்கிறேன்,
லைனில் நில்லுங்கோ என்றேன்.