இரண்டாம் அடி

வெப்பக்காற்று இயந்திரத்தை அணைக்கச் சொன்னது
ஔஸ்மாதான். அது ஓயாமல் ஒரே சுரத்தில் முனகுகிறது,
என் செல்லோவோடு சண்டைக்கு வருகிறது என்றாள்.
ரீகா. ஜனவரி. பழைய டிராம் கொட்டகை.
வெளியே தௌகவா ஆறு உறைந்து
தூண்டில்காரர்களைத் தன் முதுகில்
உட்காரவைத்திருக்கிறது.

அணைத்தோம்.
பத்தாவது நிமிடம் ஹார்ப்சிகார்டின் தந்திகள்
குளிரில் சுருங்கி மேலே ஏறின.

நான் சுருதி கூட்டுகிறவன்.
ஒரு சாவி, இரண்டு காது, மணிக்கணக்கில் கூலி.
இன்றைய சுருதிக்கு அரைக்கட்டை கீழே
இறங்கிப்போய் நிற்கச் சொல்வார்கள்.
முந்நூறு வருடம் என்பது
அவ்வளவு தூரம்தான் போலும்.

ஆடுகிறவர்கள் இருவர்.
குந்தேகா, பல் மருத்துவமனையில் வரவேற்பாளர்.
யாசெப்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்,
நடைபாதையில் தலைகீழாகச் சுழன்று பழகியவன்.
பொய்முடி வைத்தவர்களின் இசைக்கு
நான் எதற்கு என்று
முதல் வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சரபாந்து.
எண்ணிக்கை மூன்று. ஆனால் பாரம்
முதல் அடியில் இல்லை.
ஒன்றில் வருகிறாய், இரண்டில் தங்குகிறாய்,
மூன்றில் யாரும் பார்க்காதபோது கிளம்புகிறாய்.
ஔஸ்மா வில்லை இழுத்துக் காட்டினாள்.
அவன் கால்கள் ஒன்றிலேயே குத்தின,
ஆணி அறைவதுபோல.

ஸ்பெயினில் ஒரு காலத்தில்
இந்த ஆட்டத்துக்குத் தடை இருந்ததாம்,
இடுப்பு அதிகம் என்று.
அரண்மனைக்குள் போன பிறகு மெதுவாகிவிட்டது.
"வேலைக்குப் போனால் எல்லாருக்கும் அதுதான்"
என்றாள் குந்தேகா, காலுறையைச் சரிசெய்தபடி.

தேநீர் நேரத்தில் யாசெப்ஸ் தானாகச் சொன்னான்:
கண்டெய்னரை இறக்கும்போது
தரை தொட்டதும் கொக்கியை விடக்கூடாது.
தொட்ட பிறகு ஒரு மூச்சு,
பெட்டி தன் கனத்தைத் தானே நம்பும்வரை.
பிறகுதான் விட வேண்டும்.
அதுவா இது?

ஒருவரும் பதில் சொல்லவில்லை.
ஹாரால்ட்ஸ் கோப்பையை வைத்துவிட்டு
கட்டைகளின் முன் போய் உட்கார்ந்தான்.

இரண்டாம் பாதியைத் திரும்ப வாசிக்கையில்
செல்லோவின் ஆட்டுக்குடல் நரம்பு அறுந்தது.
ஔஸ்மாவின் புறங்கையில் ஒரு சிவந்த கோடு.
ஹாரால்ட்ஸின் விரல்களும் நின்றன.
குந்தேகாவின் வலது பாதம் காற்றில்.
ஒன்று போய்விட்டது.
இரண்டு வரவில்லை.

கொட்டகையின் தகரக் கூரையில்
பனி சரியும் ஓசை கேட்டது.
என் கையில் சாவி இருந்தது.
எழுந்து போய் எதையாவது
முறுக்கியிருக்கலாம்.

அவள் இறங்கினாள்.
ஒரு மூச்சு தள்ளி, அவன்.
பலகையில் விழுந்தது ஒரு அடி.
காலடியா தாளத்தின் அடியா
பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.
பிறகு மூன்று. பிறகு ஒன்று, லேசாக,
கடனுக்கு வந்ததுபோல.
பிறகு மறுபடி அந்தக் கனம்.

வாத்தியம் இல்லாத எட்டு சுற்று.
ஔஸ்மா அறுந்த நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு
அவர்கள் பாதங்களையே பார்த்திருந்தாள்.
ஹாரால்ட்ஸ் தாளைப் பார்க்கவில்லை.
யாசெப்ஸின் குதிகாலைப் பார்த்து
இரண்டில் நுழைந்தான்.

நுழைந்த அந்த சுரம் பிசகியிருந்தது.
தெளிவாக, அசிங்கமாக, மயிரிழைக்கும் மேலே.
இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக
நான் எழுந்திருக்கவில்லை.

கடைசி டிராமுக்கு நடக்கும்போது
கைப்பிடிச் சுவரோரம் பனிக்கட்டி.
ஒரு காலை வைத்தேன், நம்பவில்லை.
அடுத்ததை வைத்தேன். தங்கினேன்.

ரசீதில்
இரண்டு மணி நேரம் என்றுதான் எழுதினேன்.
இருந்தது நான்கு.