செவுள்

காமிராவின் முதுகு வெறும் கறுப்பு.
படம் எடுத்ததும் கண் அங்கே போய்
ஏமாந்து திரும்புகிறது,
விழுந்த பல்லின் இடத்தைத் துழாவும் நாக்கைப் போல.

மிஷன் வீதியில் அந்துவான் சொல்லித்தான் விற்றான்:
"முப்பத்தாறு. அதுக்கு மேல இல்ல.
நடுவுல தொறந்து பாத்தீங்க, எல்லாம் போச்சு."
நான் மஞ்சக்குப்பம் கிளையில் காசாளன்.
கடலூர் பேருந்து முள்ளோடையைத் தாண்டுவதற்குள்
கணக்குப் போட்டுவிட்டேன்:
சுருளும் மருந்தும் சேர்த்து
ஒரு சொடுக்குக்கு இருபத்தெட்டு ரூபாய்.

போன ஞாயிறு வரை
ஒரு விடியலுக்கு அறுநூறு எடுப்பேன்.
ஐந்நூற்றுத் தொண்ணூறை
டீ ஆறுவதற்குள் அழிப்பேன்.
இன்று முதுநகர் துறைமுகத்தில்
ஆறிலிருந்து ஏழரை வரை நின்று
நான்கு.
கயிறு. நாய். படகு நிழலில் தூங்கும் ஒருவன்.
நான்காவது என் செருப்பு, கை தவறி.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்
நீலப் படகும் பச்சைப் படகும் ஒரே சாம்பல்.
பக்கத்துப் பக்கத்துக் கம்பத்தில்
முறைத்துக்கொண்டு பறக்கும் இரண்டு கட்சிக் கொடிகள்
என் சுருளுக்குள் போனால் சம்பந்திகள்.
உப்பனாறு மட்டும்
ஏற்கெனவே கறுப்பு வெள்ளையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி கூடையிலிருந்து ஒரு சங்கராவை எடுத்தாள்.
செவுளைக் கட்டைவிரலால் நெம்பி
பேரம் பேசியவளின் மூக்கருகே நீட்டினாள்:
"பாரு. செம்பருத்தி கணக்கா இருக்கு.
இதப் போயி பழசுங்குற."
அப்போது அழுத்தினேன்.

"எங்க, காட்டு."
"இதுல தெரியாதுக்கா. கழுவணும்."
"கழுவணுமா?"
கூடையைப் பார்த்தாள். காமிராவைப் பார்த்தாள்.
"செதிலெடுக்கணும்னாலும் சொல்லு.
கிலோவுக்கு இருபது ரூபா."

மருந்துக்கு இருபது டிகிரி வேண்டுமாம்.
வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர்க் குழாய்த் தண்ணீர்
முப்பத்துமூன்று.
ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டிக்கு உடைத்த கட்டியில்
ஒரு பை வாங்கிவந்து வாளியில் கொட்டினேன்.
குளியலறை முழுக்கக் கவிச்சி.
கதவிடுக்கில் துண்டைச் செருகி
விளக்கை அணைத்தேன்.
ஐந்நூறு ரூபாய்க் கட்டைப் பார்க்காமலே எண்ணும் விரல்கள்
ஒரு பள்ளத்தில் ஓர் ஓரத்தை நுழைக்கத் தெரியாமல்
நாற்பது நிமிடம் வியர்த்தன.
"உள்ள இருக்கீங்களா, விழுந்துட்டீங்களா?"
வனிதாமணி கதவைத் தட்டினாள்.
தொறக்காதே என்று நான் போட்ட சத்தம்
மாடி வீடு வரை கேட்டதாம்.

கொடிக் கயிற்றில், துணிக் கிளிப்பில்
ஈரம் சொட்டத் தொங்கியது ஒரு காலை.
வானம் கறுப்பு. காக்கை வெள்ளை.
அஞ்சலாட்சி பற்களெல்லாம் கரி.
பதினோரு கட்டத்தில் ஒன்றுமே இல்லை.
செருப்பு மட்டும் அற்புதமாக விழுந்திருந்தது.

நெல்லிக்குப்பம் சாலை ஸ்டுடியோவில்
ஒரு பிரதி போட்டு எடுத்துப் போனேன்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு
ஓரத்தைப் பிடித்து வாங்கினாள்.
தன் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.
விரல் நேராக மீனுக்குப் போனது.
"செவுளு கறுத்துக் கெடக்குதே.
மூணு நாளு ஐஸ்ல கெடந்ததுன்னு
சின்னப் புள்ளகூடச் சொல்லும்."
"அது செவப்புதான்க்கா, படத்துல அப்படித்தான்..."
"எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்.
படத்துக்குத் தெரியலையே."
இதை யாரிடமும் காட்டாதே என்று
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அரைக் கிலோ வாங்கினேன். பேரம் பேசவில்லை.

அரிவாள்மனையைப் போட்டு
வனிதாமணி காத்திருந்தாள்.
ஒரு நிமிஷம் என்று
ஒரு மீனை மட்டும் எடுத்துக்கொண்டு
கொல்லைப்புற வெயிலுக்குப் போனேன்.
கட்டைவிரலால் நெம்பினேன்.

காமிரா உள்ளே பீரோவில் இருந்தது.
கை முழுக்க வழவழப்பு.
வெளிச்சம் எவ்வளவு என்று
மனசு பழக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்து
பாதியில் விட்டது.

அத்தனை சிவப்பு.