பட்டியலில் இல்லாத வீடு

தீபாவளி முடிந்த மறுநாளே
அண்ணி அனுப்பிவிட்டாள் பட்டியலை.
சனிக்கிழமை உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன்.
ஞாயிறு காலை பொங்கோல்,
பகல் சாப்பாடு தெம்பனிஸில் என் தங்கை வீடு,
மாலை பூன் லே, ஆறு மணி, தாமதிக்கக் கூடாது.
தீவு சின்னதுதான்.
பட்டுச்சேலையில், இரண்டு பிள்ளைகளோடு
ஒரே நாளில் குறுக்கே கடந்து பாருங்கள்,
எவ்வளவு பெரியதென்று தெரியும்.

கம்பிக் கதவுக்கு வெளியே கிடக்கும்
செருப்புக் குவியலைப் பார்த்தே சொல்லிவிடுவான் வேந்தன்:
“பெரியப்பா வீட்டார் நமக்கு முன்னாடியே வந்துட்டாங்க.”
உள்ளே அதே முறுக்கு, அதே அன்னாசி பிஸ்கட்,
யாழிசையிடம் அதே கேள்வி:
“பி.எஸ்.எல்.இ. முடிவு எப்போ?”
மூன்றாவது வீட்டுக்குள் கற்றுக்கொண்டாள்,
கேள்வி வரும் திசை பார்த்து
அதிரசத்தை வாயில் போட்டுக்கொள்ள.

“ஒண்ணுமே சாப்பிடல நீங்க” என்றபடி
நாலாவது கரண்டி ஆட்டிறைச்சி வைத்தார்கள் ஈசூனில்.
பொங்கோலில் கிளம்பும்போது கையில் திணித்த டப்பாவில்
என் கையெழுத்து:
‘முந்திரி உண்டு, கவினுக்கு வேண்டாம்.’
வெள்ளிக்கிழமை உட்லண்ட்ஸுக்கு நான் கொடுத்தனுப்பியது.
இரண்டு நாளில் எங்களைவிட
அதிக வீடு போயிருக்கிறது.

தெம்பனிஸில்
தங்கை கனகவல்லி மட்டும்தான் கதவைத் திறந்தாள்.
மாரிதாசனுக்கு இன்றும் பணி.
தீபாவளியன்றும் பணி. போன தீபாவளிக்கும்.
“ஊரெல்லாம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகணும்ல,
யாராவது பஸ் ஓட்டணும்” என்றாள், சிரித்துக்கொண்டே,
ரசம் ஊற்றிக்கொண்டே.
பிறகு கடிகாரத்தைப் பார்த்து, யாரிடமும் இல்லாமல்,
“இன்னும் பத்து நிமிஷத்துல கீழ வருவாரு.”

யார் முதலில் எழுந்தார்கள் என்பது நினைவில்லை.
பதினொரு பேர், ஒரே மின்தூக்கி,
எடை அதிகமென்று அது கத்த
சித்தப்பா பெரிய மனசோடு இறங்கிப் படியில் போனார்.
மழை பிடித்துவிட்டது.
நிறுத்தத்தில் ஜரிகை நனைய நின்றோம்.

கதவு திறந்தது.
ஒவ்வொருவராக அட்டை தட்டினோம்,
பதினொரு முறை ஒலித்தது.
சீருடையில் மாரிதாசன்
மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கடைசியாக ஏறிய மனைவியைப் பார்த்தார்.
ஓட்டும்போது பேசக் கூடாது.
“உள்ள தள்ளிப் போங்க” என்றார்,
குரல் கொஞ்சம் உடைந்து.

செருப்பைக் கழற்றாமல் நாங்கள் நுழைந்த வீடு
இந்த வருஷம் அது ஒன்றுதான்.
காய்கறிப் பையை மடியில் எடுத்துக்கொண்டு
ஒரு சீன மூதாட்டி கவினுக்கு இடம் விட்டார்.
டப்பா என் மடியில்.
திறக்க முடியாது, பஸ்ஸில் தின்றால் அபராதம்.
யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.
துடைப்பான் மட்டும்
மழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
தள்ளிக்கொண்டே வந்தது.

முனையத்தில் அவருக்குப் பன்னிரண்டு நிமிடம்.
நின்றபடி இரண்டு முறுக்கு,
பிளாஸ்டிக் பையில் கோப்பி.
சட்டைப் பையிலிருந்து எடுத்தார்
பச்சை உறைகளை.
எட்டு நாளாய்ச் சுமந்ததில் ஓரம் மடங்கி,
வியர்வையில் பெயர்கள் லேசாய்ப் பரவி.
கவினுடையதில் ‘ன்’ விட்டுப்போயிருந்தது.
யாழிசை தானாகவே சொன்னாள்,
“பயமா இருக்கு சித்தப்பா, முடிவு நினைச்சா.”
“எனக்குந்தான்” என்றார்,
“லைசென்ஸ் பரீட்சையில மூணு தடவை.”

பஸ்ஸின் நெற்றியில் எண் மாறியது. ஏறிவிட்டார்.
கனகவல்லி கோப்பிப் பையை
இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அண்ணியின் அழைப்பு:
“எங்க இருக்கீங்க? பாயசம் ஆறுது!”
வந்துகொண்டே இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு
நாங்கள் எந்தக் கோடியில் நிற்கிறோம் என்று
பெயர்ப்பலகையைத் தேடினேன்.