பொருந்தாததை வெட்டிவிடுக

தலவாக்கலை டவுனில், பஸ் நிலையத்துக்கு மேலே
மூன்றாவது கடை. போட்டோப் பிரதி, லெமினேட், தட்டச்சு.
தேர்தல் வருவது எனக்கு முதலில் தெரியும்,
தாள் விலை ஏறும்.

குடைச் சின்னத்துக்காரரின் கொள்கை விளக்கம்
மூன்று மொழியிலும் என் கையால்தான் இறங்கியது.
ஆங்கிலத்தில் ஏழாம் பந்தி:
இருவர் மணந்து வாழ விரும்பினால்
அவர்கள் யாராயிருந்தாலும் சட்டம் குறுக்கே நிற்காது.
சிங்களத்தில் அதே ஏழாம் பந்தி:
நம் குடும்பப் பண்பாட்டைக் கண்போல் காப்போம்.
தமிழில்
ஆறுக்குப் பிறகு எட்டு.

"ஏழு விடுபட்டிருக்கு சேர்" என்றேன் போனில்.
"நம்ம சனத்துக்கு அது எதுக்கு தங்கச்சி,
எட்டை ஏழாக்கிடுங்க.
மிச்ச இடத்துல வீட்டுப் படம் ஒன்னு போடுங்க,
ஓடு செவப்பா இருக்கட்டும்."
போட்டேன்.
சன்னல் இரண்டு, ஒரு பூச்செடி,
வாசலில் ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு பிள்ளைகள்.

மறுநாள் எதிர்க்கட்சிக்காரர், சொட்டச் சொட்ட நனைந்து.
இரண்டாயிரம் துண்டுப்பிரசுரம், அவசரம்:
குடைக்குப் போட்டால் நாளைக்கு
ஆம்பளை கழுத்தில் ஆம்பளை தாளி கட்டுவான்.
தாளி என்றே எழுதியிருந்தார்.
லி போட்டுத் திருத்திக் கொடுத்தேன்.
பழக்கதோஷம்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
நல்ல பசி. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

"என்ன அடிச்ச இன்னைக்கி?" என்றாள் ஜெயமலர்,
நெற்றியில் கூடைக்கயிற்றுத் தடத்தைத் தேய்த்தபடி.
சொன்னேன். சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.
ஒன்பது வருஷம், ஒரே காம்பரா.
லயத்தில் "மலரும் கூட்டாளியும்" என்பார்கள்,
கல்யாணங்களுக்கு ஒரே கார்டில் கூப்பிடுவார்கள்,
மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.
கேட்காமலிருப்பது மரியாதையா, பயமா,
எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் வாசித்தார்களாம் அந்தத் தாளை.
பவளராணி ச்சீ என்றாளாம்.
எஸ்தர் அக்கா, பைபிளில் இருக்கிறது என்றாளாம்,
எங்கே என்று சொல்லவில்லையாம்.
இருளாயி மட்டும்,
"எவன் எவனக் கட்டினா என்ன,
அரைப்பேர் போடுறத எவனாவது நிப்பாட்டுனானா?"
என்று தாளைக் கிழித்து வெற்றிலை மடித்தாளாம்.
அதற்குப் பிறகுதான் தலை நிமிர்ந்திருப்பாள் இவள்.
அதை மட்டும் சொல்லவில்லை.

எஸ்தர் அக்கா வீட்டில் ஐந்து வாக்கு. ஐந்தும் குடையை விட்டுப் போனது.
ஞாயிறு மேடையில் தலைவர் கையை விரித்தார்:
"ஏழாம் பந்தியா? எவனோ கொழும்புல அடிச்சது!"
கூட்டத்தின் கடைசி வரிசையில்
இஞ்சிக்கடலை தின்றபடி நின்ற கொழும்பு
நான்தான்.

தோட்டப் பாடசாலையில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
நூலில் கட்டிய பென்சிலோடு நின்றேன்.
ஆங்கிலத்தில் பேசியவருக்கு மட்டும்
புள்ளடி போட வழியிருந்தால் போட்டிருப்பேன்.
மூவருக்கும் ஒரே குடை.
எங்கே போட்டேன் என்று நான் சொல்லவில்லை,
அவளும் சொல்லவில்லை.
வரும் வழியில் சுண்டுவிரல்களை ஒட்டிப் பார்த்தோம்,
அவளுக்குத்தான் மை அதிகம்.

குடை வென்றது, கொஞ்ச வாக்கில்.
மார்கழியில் காணிப் படிவம் வந்தது,
ஏழு பேர்ச், தனி வீடு.
சனத்துக்கு நானூறு பிரதி எடுத்தேன்,
நானூற்றொன்று எங்களுக்கு.
நான்காம் வரி: கணவர், சாய்கோடு, மனைவி.
பக்கத்தில் எறும்பெழுத்தில்,
பொருந்தாததை வெட்டிவிடுக.

ஒரு முழுப் பந்தியை வெட்டிய கை இது.
பேனையைத் திறந்து, மூடி, திறந்து,
"எதடி வெட்ட?" என்றேன்.
கொழுந்துக்கறை ஏறிய விரலால்
தாளைத் தன் பக்கம் இழுத்து
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"ஒன்னையும் வெட்டாத.
எம்பேர முழுசா எழுது, அப்பா பேரோட."

தகரத்தில் மழை பிடித்தது.
வாளியை எடுத்து
ஒழுகுமிடத்தில் வைக்கப் போனாள்.