கை மட்டும்

வள்ளிமலை அடிவாரத்தில் இப்போது தினை விளைவதில்லை.
கலை இயக்குநர் லாரியில் கொண்டுவந்து நட்டார்:
பிளாஸ்டிக் கதிர், தொட்டால் சரசரக்கும்.
நான் காட்பாடியில் கல்யாணப் பெண்களுக்கு முகம் எழுதுகிறவள்.
நாளுக்கு இரண்டாயிரம் என்றார்கள்,
பெட்டியோடு போனேன்.

வள்ளி விமானத்தில் வந்தாள்.
நல்ல பெண். எனக்கும் ஒரு இளநீர் வெட்டச் சொன்னாள்.
வேடர் மகள் என்பதால்
இரண்டு மணி நேரம் அவளைக் கறுப்பாக்கினோம்.
தயாரிப்பாளர் வந்து மானிட்டரைப் பார்த்தார்.
"சாமி மாதிரி இல்லையே."
பாதியைத் துடைத்தோம்.
மறுபடி பார்த்தார்.
மீதியையும் துடைத்தோம்.

நம்பிராஜன் குடிலில்
கொடியில் தொங்கிய உப்புக்கண்டத்தை
ஒருவர் வந்து அவிழ்த்துப் போனார்.
குடும்பத்தோடு பார்க்கிற படம்.
வேடன் வீட்டில் அன்று
தேன், தினைமாவு, ஒரு சீப்பு வாழைப்பழம்.
வில் மட்டும் சுவரில் இருந்தது,
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கவண்.
நாயகிக்குச் சுற்ற வரவில்லை.
கயிறு கழுத்தில் மாட்டிக்கொண்டது, சிரித்தாள், நாங்களும்.
அப்போதுதான் கன்னியம்மாவைக் கூட்டிவந்தார்கள்
மலைக்குப் பின்னாலிருந்து,
பிள்ளைக்கு இருளர் சான்று கேட்டு
ஆறாவது முறையாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பியவளை.
உதவி இயக்குநர் சொன்னான்:
"முகம் வேணாம். கை மட்டும்."

முதல் சுற்றிலேயே கல்
சுனைக்கு அப்பால் போய் விழுந்தது.
கைதட்டினார்கள்.
பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.
கை சேரவில்லையாம்.

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை
நான்தான் பூசினேன்,
மணப்பெண்களுக்குப் பூசுகிற அதே டப்பா.
மேலே 'இயற்கை நிறம்' என்று போட்டிருக்கும்.
மூன்று பூச்சு.
நகக்கண்ணில் மண் இருந்தது, ஊக்கால் எடுத்தேன்.
அவள் கையை என் மடியில் விட்டுவிட்டு
வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு இது?"
"வள்ளி கை மாதிரி வரணுமாம்."
"வள்ளி எந்த ஊரு?"

நான் மலையைப் பார்த்தேன்.

வேலூர் வெயில் சும்மா விடுமா.
நாலாவது டேக்கில் பூச்சு வழிந்து
கவண் கயிறு வெளுத்தது.
துடைத்தேன், பூசினேன், துடைத்தேன்.
ஏழாவதில் இயக்குநர் எழுந்து
"அம்மா, தாயே" என்று கும்பிட்டார்
திரையில் தெரிந்த கையை.

எண்ணூறு ரூபாய். வவுச்சரில் கைநாட்டு.
மையில் தோய்த்து அவள் பெருவிரலை அழுத்தியபோது
ரேகை விழவில்லை.
வழவழவென்று ஒரு நீலத் திட்டு.
கணக்குப் பிள்ளை கத்தினார்,
"துடைச்சிட்டு வைம்மா, ஆடிட்டுல நிக்காது."

சோப்புக்குப் போகவில்லை.
மண்ணெண்ணெய் கேட்டாள், இல்லை என்றேன்.
"சாந்தரத்துக்குள்ள போயிடுமா?
ஆபீசுல இன்னொரு கைநாட்டு கீது."

பெட்டியிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து ஊற்றினேன்.
கொஞ்சம் கையில் தேய்த்தாள்.
மிச்சத்தை வீணாக்குவானேன் என்று
தலையில் தடவிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.