பன்னிரண்டு மாதக் குரைப்பு

ஒப்பந்தம் பதினேழு பக்கம்.
பதினாறை ஒரு முறையும்
தொகை இருந்த பக்கத்தை மூன்று முறையும்
படித்தாள் யாஸ்னா.

வால்பரைசோவில் அன்று மழை.
பாரோன் குன்றில், மாவுக்கடைக்கு மேல்மாடியில்
நாங்கள் நாலு பேர், மூன்று நாற்காலி,
முடியாத ஒரு விளையாட்டு:
துறைமுகத்துக்கும் குன்றுக்கும் இடையே
இரவெல்லாம் இழுவைப்பெட்டி ஓட்டும் ஒருத்தி.

"ஓராண்டுக்கு எங்கள் கருவியில் மட்டும்."
அந்த 'மட்டும்'தான் எங்களுக்குச் சோறு போட்டது.
வாடகை பாக்கி தீர்ந்தது.
இரண்டு வருடமாக ஒத்திப்போட்ட கடைவாய்ப்பல்லை
ஓவிதியோ பிடுங்கிக்கொண்டான்.
ஒரே கருவிக்கு எழுதியதால்
கம்பிமேல் ஒவ்வொரு துளியும்
தனித்தனியாக வழுக்கியது.
இரண்டுக்கு எழுதியிருந்தால்
மழையே பெய்திருக்காது.
பொய் சொல்லமாட்டேன்.

நான் ஒலிக்காரன்.
கீழ்வீட்டுப் பல்தசாரின் நாயைத்தான்
உள்ளே குரைக்க வைத்தேன்.
மைக்கைக் கண்டாலே வாயடைத்துப்போகும் நாய்.
ரொட்டி ஓரங்கள் லஞ்சமாகப் போய்
பதினொன்றாம் நாள்தான் வாய் திறந்தது.
பெயர்ப் பட்டியலின் கடைசி வரி:
நாய் – மொஸ்தாஸா.

ஏப்ரலில் மொஸ்தாஸா லாரியில் அடிபட்டது.
மே மாதம் விளையாட்டு வெளிவந்தது.
பல்தசாரிடம் இருப்பதோ மற்றவர்களின் கருவி;
அவன் அம்மா பதினெட்டுத் தவணையில் வாங்கியது,
இன்னும் ஆறு பாக்கி.
இன்னொன்று வாங்கு என்று
அவளிடம் யார் சொல்வது?

ஒலிக்கோப்பை அனுப்பவா என்று கேட்டேன்.
"கோப்பில் அது எங்கே ஓடும்?" என்றான்.

வியாழக்கிழமைகளில் மேலே வருகிறான்.
எங்களுக்கு இன்னொரு நாற்காலி குறைகிறது.
மூன்றாம் நிறுத்தத்தில் பெட்டியை நிறுத்திவிட்டு,
கதையை நகர்த்தாமல்,
நாய் தெருவைக் கடப்பதையே பார்க்கிறான்.
எங்கள் தெருவில் லாரி கிடையாது.
நினைவகம் போதவில்லை என்று
முதல் வாரமே எடுத்துவிட்டோம்.
பிறகு ஒரு புகார்:
"கதவு ரொம்ப மெதுவாகத் திறக்கிறது."
சரிதான். குறித்துக்கொண்டேன்.

ஓராண்டு என்ன,
கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்
என்கிறாள் யாஸ்னா.
அவனுக்கு வயது ஒன்பது.
ஒன்பது வயதில் ஓராண்டு எவ்வளவு நீளம் என்று
பதினேழு பக்கத்தில் எங்கும் இல்லை.

நேற்று கடிதம் வந்தது. விற்பனை பரவாயில்லையாம்.
இரண்டாம் பாகத்துக்கும் அதே 'மட்டும்',
தொகை இரட்டிப்பு.
யாஸ்னா பேனாவைத் தேடுகிறாள்,
மேசையில், இழுப்பறையில்,
ஓவிதியோவின் காதிடுக்கில்.

என் சட்டைப்பையில் இருக்கிறது.
இருக்கிறது என்று
இன்னும் சொல்லவில்லை.